கருவைக் கலைத்தவளா குற்றவாளி?

ஆலைக்குப் போகிற ஒரு பெண் கருவைக் கலைத்துக்கொண்டாள் என்றால் போதும், தெருவே கூடிவிடுகிறது. “பாவி, சிசுவைக் கொன்றவள்!” என்கிறார் ஊர்ப் பெரிய மனிதர். “பெண்பிள்ளையை வேலைக்கு அனுப்பினால் இதுதான் கதி!” என்கிறார் பக்கத்தில் நிற்பவர். வெட்கக்கேடு என்னவென்றால், பக்கத்தில் நிற்பவர் சில சமயம் நம் சங்கத்து ஆளாகவும் இருக்கிறார்.

தர்மவான்களே! சிசுவின்மேல் இத்தனை கருணை உங்களுக்கு எங்கிருந்து வந்தது? மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவின் கரும்பு வெட்டும் பெண்களைக் கேளுங்கள். புருஷனும் பெண்சாதியும் ஒரு ஜோடியாகக் கங்காணியிடம் முன்பணம் வாங்கிப் போகிறார்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் கூலியும் போயிற்று, அபராதமும் உண்டு. மாதவிலக்கும் பிள்ளைப்பேறும் கங்காணியின் கணக்கில் நஷ்டம்! 2019ல் சர்க்கார் கமிட்டி சுமார் 82,000 கூலிப் பெண்களை விசாரித்தது. அவர்களில் 13,000க்கு மேற்பட்டோர் கர்ப்பப்பையை அறுத்தெடுத்தவர்கள். கருவையல்ல, கருப்பையையே காவு கொடுத்தார்கள்! அப்போது எந்தப் பெரிய மனிதர் தெருவில் வந்து கத்தினார்?

பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு எந்தக் காலத்திலும் டாக்டர் கிடைத்தார். எருக்கம்பாலுக்கும் குச்சிக்கும் பலியானவள் ஏழை. வெள்ளைக்காரன் 1860ல் எழுதிய 312வது பிரிவு அந்த ஏழையையே மூன்று வருஷம் சிறைக்கு அனுப்பச் சொன்னது. 1964ல் சாந்திலால் ஷா கமிட்டி அமைந்து, 1971ல்தான் சட்டம் வந்தது. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை உண்டு. அந்த 24 வாரம் மணமாகாத பெண்ணுக்கும் உண்டென்று 2022ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் 2024ல் அமலுக்கு வந்த நியாய சம்ஹிதையில் 88வது பிரிவாக அந்தப் பழைய குற்றம் குந்தியிருக்கிறது!

“புருஷன் கையெழுத்து எங்கே?” என்று ஆஸ்பத்திரியில் கேட்டால், கேட்பவருக்குச் சட்டம் தெரியாது என்று அர்த்தம். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டுமே வேண்டும்.

லெனின் 1913லேயே கருக்கலைப்பைத் தண்டிக்கும் சட்டங்களை ரத்து செய்யச் சொன்னார். சோவியத் நாடு 1920ல் கொடுத்த உரிமையை 1936ல் பறித்து, 1955ல் திருப்பித் தந்தது. நம் பக்கத்துத் தவறையும் மறைக்க வேண்டியதில்லை.

பஞ்சாலைத் தோழர்களே! கரு தானாகக் கலைந்தாலும் சட்டப்படி கலைத்தாலும் சம்பளத்தோடு ஆறு வாரம் லீவு உண்டு. 1961 பிரசவ உதவிச் சட்டம் தந்தது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. உங்கள் ஆலையில் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? அடுத்த கோரிக்கை மனுவில் இதைச் சேர்க்காத சங்கம் யாருக்கான சங்கம்? நாற்று நடுகிற பெண்ணுக்கோ இந்த லீவு சட்டத்திலேயே இல்லை. அவளுக்காகக் கேட்க வேண்டியது விவசாயத் தொழிலாளர் சங்கம்.