இணையத்துக்கும் முறை வையுங்கள்

தண்ணீர் குறைந்தால் கல்லணையிலிருந்து காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்துத் திறப்பார்கள். கடைமடைக்காரன் அதிகம் கேட்கிறான் என்று யாரும் மதகை மூடிவிடுவதில்லை. (நிலமில்லாத நம் பாட்டன்களுக்கு அந்த முறையில் பங்கில்லை, மடை திருப்பும் வேலை மட்டும்தான் என்பது தனிக்கதை.)

கல்லூரி விடுதிகளில் மூடிவிடுகிறார்கள். வைஃபை மெதுவாகிறதா? 'அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறீர்கள்' என்று இரவில் நிறுத்து, யூடியூபைத் தடு. நாங்கள் படித்த விடுதியில் அதிகம் இறக்கியவர்களின் பெயர்களை நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டினார்கள். 2007இல் மும்பை ஐ.ஐ.டி.யும் விடுதி இணையத்தை இரவு 11 மணிக்கு நிறுத்தி மறுநாள் பகல் 12.30க்குத்தான் திறந்தது.

இந்தத் தடை எல்லோரையும் ஒன்றுபோல் தாக்காது தோழர்களே. கையில் காசுள்ளவன் இன்னொரு சிம் போட்டுக்கொள்வான். நாற்று நட்ட கூலியில் அம்மா ரீசார்ஜ் செய்து தரும் ஒன்றரை ஜிபி, இரண்டு வீடியோ பாடத்தில் தீர்ந்துவிடும். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்கள் யூடியூபில்தான் இருக்கின்றன. டியூஷன் வைக்க வழியில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அதுதான் டியூஷன். நிர்வாகத்தின் கணக்கில் அவள் 'அதிகம் இறக்கியவள்'!

நெரிசல் உண்மைதான், மறுக்கவில்லை. நாலு பேர் டோரண்ட் போட்டால் மற்றவர்களின் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. நெரிசல் நேரத்தில் ஆளுக்குச் சம வேகம் என்று ரவுட்டரிலேயே வைக்கலாம். கூட்டம் குறைந்ததும் வரம்பு தானே தளரும்படி செய்யலாம். இருநூறு லேப்டாப் ஒரே விண்டோஸ் அப்டேட்டைத் தனித்தனியே வெளியிலிருந்து இழுப்பதற்குப் பதில், வளாக சர்வரில் ஒருமுறை இறக்கி அங்கிருந்து கொடுக்கலாம். பெரிய கோப்புகளை விடியற்காலைக்குத் தள்ளலாம். இதற்கெல்லாம் யார் என்ன பார்த்தார்கள் என்று துழாவ வேண்டியதில்லை, எத்தனை ஜிபி என்ற எண் போதும்.

கேரளத்தில் ஒரு மாணவி, விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை செல்போனுக்கு இருந்த தடையை எதிர்த்ததால் வெளியேற்றப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. இணையம் பெறுவது கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்றது. வார்டன் முன் நிற்கும்போது இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதிக் கமிட்டியில் மூன்றைக் கேளுங்கள்: கல்லூரி வாங்கியிருக்கும் வேகம் எவ்வளவு, அதில் விடுதிக்கு வருவது எவ்வளவு, அலுவலகத்துக்கும் ஆசிரியர் குடியிருப்புக்கும் போவது எவ்வளவு? பெயர்ப் பட்டியலை ஒட்டிய அதே போர்டில் இந்தக் கணக்கையும் ஒட்டட்டும்.