கூழுக்கும் மீசைக்கும் ஒரே காரா?

கூழும் குடிக்கவேண்டும், மீசையும் நனையக்கூடாது என்று எண்ணியவனின் ஆசையைத் தமிழர் பழமொழியாக்கி வைத்துள்ளனர். அப்பழமொழிக்கு இன்று மலேசியச் சாலைகளில் புதியதோர் எடுத்துக்காட்டுத் தோன்றியிருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்து, வேலையில் அமர்ந்து, முதல் சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்த இளைஞர் சிலர், பின்சக்கரங்களால் இயங்கும் பழைய கார் ஒன்றை மலிவாக வாங்க விழைகின்றனர். வாரநாள்களில் அக்கார் அவர்களை வேலைக்குக் கொண்டு செல்லவேண்டும். பெற்றோரை மருந்தகத்திற்கும் கோயிலுக்கும் அழைத்துச் செல்லவேண்டும். வார இறுதியில் அதே கார் 'டிரிஃப்ட்' எனப்படும் சறுக்கோட்டத்திற்கும் பயன்படவேண்டும். ஒரே கார், இரு பயன், சிறு விலை என்பது அவர்தம் கணக்கு. அக்கணக்குத் தவறானது. பணத்தை மட்டுமன்றி உயிரையும் பணயம் வைக்கும் தவறு அது.

சறுக்கோட்டம் என்பதே ஒரு பித்து என்று பழிப்போர் உளர். அப்பழிப்பு நியாயமன்று. வளைவில் காரின் பின்பகுதியை வேண்டுமென்றே நழுவவிட்டு, முன்சக்கரங்களை எதிர்ப்புறம் திருப்பி, எஞ்சினின் விசையைக் காலால் அளந்து அளந்து கொடுத்து, அந்நழுவலைத் தன் வயப்படுத்தி ஓட்டுவது எளிய செயலன்று. ஜப்பானில் 1970களில் குனிமித்சு தக்காஹாஷி என்னும் பந்தய வீரர் வளைவுகளில் கையாண்ட முறை அது. அவரைக் கண்டு கற்ற கெயிச்சி சுச்சியா அதனைத் தனிக்கலையாக வளர்த்தார். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது 'டி1 கிராண்ட் பிரீ' என்னும் போட்டித் தொடராகவும் உருப்பெற்றது. மலேசியரான தெங்கு ஜான் லே ஆசியக் களங்களில் இக்கலையால் பெயர் பெற்றார். பயிற்சியும் துணிவும் பொறியறிவும் ஒருங்கே வேண்டும் ஒரு துறையை வெறும் பித்து என ஒதுக்குவது அறியாமையேயாகும்.

எனவே வழக்கு சறுக்கோட்டத்தின்மீது அன்று. ஒரே காரை இரண்டுக்கும் பூட்டும் பேராசையின்மீதே. அவ்வழக்கை விளங்கிக்கொள்ள, இளைஞர் ஏன் பழைய காரை நாடுகின்றனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். முன்சக்கரங்களால் இயங்கும் காரில், காரை இழுக்கும் வேலையும் திருப்பும் வேலையும் முன்சக்கரங்களின் தலையிலேயே விழுகின்றன. கை பிரேக்கை இழுத்து அதன் பின்பகுதியைச் சிறிது நழுவச் செய்யலாம்; ஆனால் எஞ்சின் விசையால் அந்நழுவலை நீட்டித்துக்கொண்டு செல்ல இயலாது. பின்சக்கரங்கள் தள்ள, முன்சக்கரங்கள் திருப்பும் பணிக்கென விடுபட்டிருக்கும் காரே சறுக்கோட்டத்திற்கு உகந்தது.

ஒரு காலத்தில் அத்தகைய கார்கள் எளிய மக்களின் கார்களாகவே இருந்தன. டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா கே.இ.70 போன்றவை பின்சக்கர இயக்கம் கொண்டவை. 1985ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா வெளிவந்தது. அது முன்சக்கர இயக்கம் கொண்டது. 1994இல் வந்த பெரொடுவா கஞ்சிலும், 2005இல் வந்த மைவியும் அவ்வழியே சென்றன. ஆகவே, சிறு விலையில் பின்சக்கர இயக்கம் வேண்டுவோர் முப்பது, நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டியவராகின்றனர். அங்கே அவர்களுக்காகக் காத்திருப்பவை கே.இ.70, நிசான் செஃபிரோ ஏ31, டொயோட்டா ஏ.இ.86 போன்ற முதிய கார்கள்.

அவை மலிவானவையா என்பது முதல் வினா. ஏ.இ.86 காரை டொயோட்டா 1983 முதல் 1987 வரையே உற்பத்தி செய்தது. அவற்றுள் மிக இளையதற்கும் இன்று ஏறத்தாழ நாற்பது வயது. சறுக்கோட்டத்தின் புகழ் பரவப் பரவ, அக்காரின் விலையும் ஏறிற்று. பழைய பின்சக்கரக் கார்களுக்குச் சறுக்கோட்டப் பிரியர்களால் ஏறிய இவ்விலையை ஆங்கிலம் பேசுவோர் 'டிரிஃப்ட் டாக்ஸ்' என்று நையாண்டி செய்கின்றனர். அரசாங்கம் விதிக்காத இவ்வரியை ஆசையே விதிக்கிறது. நல்ல நிலையிலுள்ளவை செல்வர் கைக்குச் சென்றபின், எஞ்சி நிற்பவை எவை? அடித்தட்டில் துருவேறியவை, முன் உரிமையாளர் பல முறை சறுக்கிச் சலித்தவை, வண்ணம் பூசி வடு மறைத்தவை. இவையே 'மலிவு' என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன.

வாங்கும் விலை கணக்கின் முதல் வரி மட்டுமே. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது இக்கார்களுக்கு முற்றும் பொருந்தும். சறுக்கோட்டத்தில் பின்டயர்கள் தேய்வதில்லை, எரிகின்றன. அன்றாடப் பயன்பாட்டில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் டயர், களத்தில் ஒரே நாளில் கம்பி தெரியும் நிலையை அடையலாம். எஞ்சின் சுழற்சியைத் தூண்டிக் கிளட்சைத் திடீரென விடுத்துப் பின்சக்கரங்களை நழுவச் செய்யும்தோறும் கிளட்ச் தட்டும், கியர் பெட்டியும், பின்னச்சும் அடிவாங்குகின்றன. நீண்ட நேரம் உயர்ந்த சுழற்சியில் எஞ்சின் ஓட, நாற்பதாண்டுப் பழைய ரேடியேட்டர் அவ்வெப்பத்தைத் தாங்காது. உதிரிப் பாகம் தேடிப் பட்டறை பட்டறையாக அலையவேண்டும். சில பாகங்களை டொயோட்டாவே 2021இல் மீண்டும் தயாரிக்கத் தொடங்கிற்று என்றால், அவற்றின் அருமை எத்தகையது என்பது சொல்லாமலே விளங்கும்.

பணத்தை ஒருபுறம் வைப்போம் என இளைஞர் வாதிடலாம். அப்படியே வைத்தாலும், இரண்டு பயன்களும் ஒன்றையொன்று அழிப்பவை என்பது இரண்டாவது உண்மை. இதற்குப் பின்னச்சே போதிய சான்று. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் உருளவேண்டும். அவ்வேற்றுமைக்கு இடந்தரவே 'டிஃபரன்ஷியல்' என்னும் பற்சக்கரத் தொகுதி பின்னச்சில் அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் சறுக்கோட்டத்திற்கு இரு பின்சக்கரங்களும் ஒன்றாகச் சுழலவேண்டும். இல்லையேல் பாரம் குறைந்த உட்சக்கரம் மட்டும் வீணே சுழன்று நிற்கும். இதற்கெனக் கட்டுப்பாடுடைய டிஃபரன்ஷியல் உண்டு. அதன் விலையும் உண்டு. விலை கொடுக்க இயலாதவர் அப்பற்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுகின்றனர். களத்தில் அது வேலை செய்யும். ஆனால் திங்கட்கிழமை காலை அதே கார் வாகன நிறுத்துமிடத்தில் திரும்பும்போது, இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் உருள முயன்று, ஒரு டயர் தரையில் உரசி இழுபடும், அச்சுத்தண்டு முறுக்குண்ணும். மாலையில் மழை பெய்தால் நிலைமை இன்னும் கொடிது. நனைந்த வளைவில், ஓட்டுநர் எண்ணாத நேரத்தில், இரு பின்சக்கரங்களும் ஒன்றாகவே பிடியிழக்கும். களத்தில் வேண்டி அழைத்த நழுவல், சாலையில் அழையா விருந்தாளியாக வந்து நிற்கும்.

கை பிரேக்கும் அவ்வாறே. சறுக்கோட்டக்காரர் பலர் கம்பியால் இயங்கும் கை பிரேக்கை நீக்கி, எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதைப் பொருத்துகின்றனர். பின்சக்கரங்களை ஒரு நொடி பூட்டுவதற்கு அது சிறந்தது. மேட்டில் நிறுத்திய காரை இரவு முழுதும் பிடித்து வைப்பதற்கு நம்பத்தக்கதன்று. இறுக்கிய ஸ்பிரிங்குகள் களத்தில் காரை நிலைநிறுத்தும்; குழி விழுந்த சாலையிலோ டயரைத் தரையோடு ஒட்டவிடாமல் துள்ளச் செய்யும். அரைகுறையாக எரிந்த டயரோடு வீடு திரும்புவோர், மழைநீரை வெளியேற்றும் பள்ளங்கள் அற்ற டயரில் நெடுஞ்சாலை ஏறுகின்றனர். இத்தனைக்கும் மேலாக, 1980களின் எளிய கார்களில் காற்றுப்பையும் இல்லை. சக்கரம் பூட்டாமல் காக்கும் பிரேக்கும் இல்லை. அவற்றில் பின்னிருக்கையில் அமர்ந்து வரும் தாய்க்கோ தங்கைக்கோ அக்காரின் வார இறுதி வாழ்க்கை தெரியாது. அறியாதவரை அந்த ஆபத்தில் ஏற்றிச் செல்லும் உரிமையை யார் கொடுத்தது?

இதற்கு மறுமொழியாக இளைஞர் ஒரு கதையை முன்வைப்பர். சூயிச்சி ஷிகெனோ வரைந்து 1995 முதல் 2013 வரை தொடராக வெளிவந்த 'இனிஷியல் டி' என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையில், தோஃபு கொண்டுசெல்லும் ஏ.இ.86 காரே மலைச்சாலையில் எதிரிகளை வெல்கிறது. உழைப்புக்கும் ஓட்டத்திற்கும் அங்கு ஒரே கார்தானே என்பர். 2005இல் அக்கதை ஹாங்காங்கில் திரைப்படமாகவும் வந்தது. ஆயினும் அதனை முழுமையாகப் படித்தவர், அக்காரின் எஞ்சின் ஒரு போட்டியில் சிதைந்துபோவதையும், கைதேர்ந்த தந்தையே வேறோர் எஞ்சினைத் தேடிப் பொருத்துவதையும் மறந்திரார். கற்பனையிலும் பழைய எஞ்சின் தன் கடனை வசூலித்தே தீர்ந்தது. அத்தகைய தந்தையும் பட்டறையும் எத்தனை இளைஞருக்கு வாய்க்கும்?

சுச்சியாவே பொதுச்சாலையில் பழகியவர் அன்றோ என்றும் சிலர் கேட்பர். உண்மை. 1987இல் அவர் மலைச்சாலையில் ஓட்டிய காட்சிகள் 'புளஸ்பி' என்னும் ஒளிநாடாவாக வெளிவந்தன. அதன் விளைவாக அவரது பந்தய உரிமம் இடைநிறுத்தப்பட்டது. புகழை எடுத்துக்காட்டுவோர் தண்டனையை மட்டும் மறைப்பது நேர்மையாகுமா? மலேசியாவிலும் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அபாயகரமாக வாகனம் ஓட்டுவதையும், அனுமதியின்றிச் சாலையில் பந்தயம் நடத்துவதையும் குற்றமாக்கியுள்ளது. எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். காப்புறுதி நிறுவனங்களோ மிகப் பழைய கார்களுக்கு முழுக் காப்புறுதி வழங்கத் தயங்குகின்றன. பந்தயத்தில் நேரும் சேதத்தை வழக்கமான காப்புறுதி ஏற்பதுமில்லை. மலிவாக வாங்கியவர் முழு இழப்பையும் தாமே சுமப்பர்.

பின்சக்கர இயக்கமே தீங்கானது என்று இதனால் முடிவுகட்டல் தவறு. 1985க்கு முன் எத்தனையோ குடும்பங்கள் அத்தகைய கார்களிலேயே திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் சென்று நலமே திரும்பின. பழைய கே.இ.70 ஒன்றைத் தொழிற்சாலை அமைத்த வண்ணமே பேணி, அன்றாடம் அமைதியாக ஓட்டுவது அறிவுடைய செயலே. அதன் வழியே டயரின் பிடியையும் பாரத்தின் இடமாற்றத்தையும் உணர்ந்து கற்கலாம். அதைக் குலைத்துக் களக்காராக்கிவிட்டு, அன்றாடக் கார் என்று தொடர்ந்து அழைப்பதே பொய். சறுக்கோட்டந்தான் வேண்டுமெனில், நண்பர் நால்வர் சேர்ந்து ஒரு காரைக் களத்திற்கென்றே ஒதுக்கட்டும். அதனைச் சுமையுந்தில் ஏற்றி, உரிய அனுமதியும் மருத்துவ உதவியும் உள்ள களத்திற்குக் கொண்டு செல்லட்டும். வேலைக்குப் பழைய மைவி ஒன்று போதும். ஒன்றுக்கே பணமிருப்பின், அது வீட்டுக்கு உழைக்கும் காராகவே இருக்கட்டும். ஆசை சிறிது காத்திருக்கட்டும்.

இங்கே பெரியோரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியவரே. 'ஆகாது' என்ற ஒரு சொல்லோடு அவர்கள் கடமை முடிந்துவிடுகிறது. காரணம் கூறாத தடை, இளைஞரை நள்ளிரவுச் சாலைக்கே துரத்துகிறது. 1999இல் செப்பாங்கில் உலகத் தரத்தில் பந்தயத்தளம் திறந்த நாடு இது. எளிய வீட்டு இளைஞன் சிறு கட்டணத்தில் பழகும் களங்கள் ஊர்தோறும் ஏன் இல்லை என்று கேட்கும் குரலோ பெரியோரிடமிருந்து எழுவதில்லை. உராய்வும், மையவிலக்கமும், பற்சக்கரமும் பள்ளி அறிவியல் பாடத்திலேயே உள்ளன. மாணவன் விரும்பும் ஒரு பொருளைக் கரும்பலகையில் வரைந்து, அதன் பின்னச்சு ஏன் அப்படி அமைந்தது, வெல்டிங் வைத்தால் மழையில் என்ன நேரும் என்று தமிழிலேயே விளக்கும் ஆசிரியர், நூறு அறிவுரைகளால் ஆகாததை ஒரு பாடவேளையில் செய்து முடிப்பார். அதே மாணவன் விலை, டயர், கிளட்ச், காப்புறுதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பானாகில், மலிவு என்ற சொல்லின் மயக்கம் தானே தெளியும்.

முதற் சம்பளத்தில் கார் வாங்குவது குற்றமன்று. வேகத்தை விரும்புவதும் குற்றமன்று. எரிந்த டயரில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு மழைச்சாலையில் இறங்குவதே குற்றம். அக்குற்றத்திற்கு வறுமையைக் காரணம் காட்டுதல் கூடாது. மலிவைக் காரணம் காட்டுதல் அதனினும் கூடாது. மீசை வேண்டுவோர் அதற்குரிய விலையைத் தனியே கொடுக்கட்டும். வீட்டின் கூழ்ப்பானையை அதற்கு ஈடு வைக்கவேண்டா.