பரிசோதித்தவரும் பதில் சொல்ல வேண்டும்

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை அரசு 2025 பெப்ரவரியில் தனியாருக்கும் திறந்துவிட்டது. ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் இறக்குமதி வாகனத்தின் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாது. திருகோணமலையில் கார் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோருக்கு இன்றும் பாவித்த வாகனம்தான் கதி. துறைமுகத்தைச் சுற்றிய ஊர்களின் உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்காக நின்ற வாகனத்தின் அடிப்பகுதி துருப்பிடிக்காமல் இருக்காது. அந்தத் துருவின்மேல் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்துவிட்டால், குனிந்து எட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வாகனத்தை உயர்த்தி, சேசியைச் சுத்தியலால் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் மெக்கானிக்குக்குக் காசு கொடுக்கிறோம். தட்டிப் பார்க்காமலே அவர் ‘நல்ல வாகனம்’ என்று சொல்ல, அதை நம்பி வாங்கியவர் இலட்சக்கணக்கில் இழந்தால், அந்த இழப்புக்கு மெக்கானிக்கும் பொறுப்பு.

விற்றவரைப் பிடித்தால் போதாதா என்று கேட்கலாம். அது அவ்வளவு இலகுவல்ல. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி வியாபாரி விற்கும் பொருள் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் முன்கூட்டியே பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வியாபாரியல்லாத ஒருவரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பே கிடையாது. விற்றவர் உறுதி தந்தார் என்றோ, தெரிந்தே மறைத்தார் என்றோ காட்ட வேண்டியிருக்கும். ஆக, அரைகுறைப் பரிசோதனை துருவைத் தவறவிடுவதோடு நிற்பதில்லை. விற்றவரிடம் கேட்கும் உரிமையையும் அது பறித்துவிடக்கூடும். அப்படிப் பறிபோக வைத்தவரைத் தவிர வேறு யாரிடம் கேட்பது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருட்களை மட்டுமன்றிச் சேவைகளையும் உள்ளடக்கியது. உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படாத சேவை குறித்து அதிகாரசபையில் முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு வழங்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அது உத்தரவிடலாம். ஆனால் 13ஆம் பிரிவு தரும் அவகாசம் மூன்று மாதம்தான்.

சில ஆயிரம் ரூபா வாங்கும் மெக்கானிக்கின் தலையில் இலட்சக்கணக்கான நட்டத்தைக் கட்டுவது அநியாயம் என்பார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது; கராஜ்காரர் பலர் அன்றாட உழைப்பாளிகள். ஆனால் சட்டம் அவரிடம் எதிர்கால உத்தரவாதம் கேட்கவில்லை. இயந்திரத்தைப் பிரித்தால் மட்டுமே தெரியும் பழுதுக்கு அவர் பொறுப்பல்ல. எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் நேர்மையான மெக்கானிக்குக்கும் அதுவே காப்பு. ‘இந்த அறிக்கைக்கு நாம் பொறுப்பல்ல’ என்று அடியில் அச்சடித்துவிட்டுக் கட்டணம் வாங்குவதை மட்டும் ஏற்க முடியாது.

வாங்குபவர்களும் வாய்ச்சொல்லோடு நின்றுவிடக்கூடாது. காலாவதிக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு வரை நீதிமன்றம் போகலாம். பழுது தெரிந்ததும் அவசரப்பட்டுத் திருத்திவிடாமல், முதலில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, திகதியோடு படமெடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்க வேண்டும். திருத்திய பிறகு துருவுக்குச் சாட்சி இல்லை.