நாவின்கீழ் இடும் மாத்திரை

நல்லம்பள்ளியிற் செவ்வாய்தோறும் கூடும் ஆட்டுச்சந்தையில் ஒருவர் நெஞ்சைப் பற்றிக்கொண்டு சாய்வாராயின், உதவ ஓடிவருவோர் பலராவர். தம் பையிலுள்ள சார்பிட்ரேட் மாத்திரையை எடுத்து அவர் நாவின்கீழ் இடத் துணிவாரும் அவருள் இருத்தல் கூடும். அவ்விரக்கத்தை யாம் பழித்தேமல்லேம், அம்மருந்தையே அஞ்சுகின்றோம்.

சார்பிட்ரேட்டு, நைட்ரோகிளிசரின் என்னும் மருந்தின் இனத்தது. நைட்ரோகிளிசரின் நெஞ்சுவலிக்கு உதவுமென 1879-இல் எழுதியவர் வில்லியம் மர்ரெல் என்னும் ஆங்கில வைத்தியர். (பாறை பிளக்கும் வெடிமருந்துச் சரக்கும் அதுவே என்பது வியப்பன்றோ!) இவ்வின மருந்துகள் குருதிக்குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் பாரத்தைக் குறைக்கும், உடன் குருதியழுத்தத்தையும் தாழ்த்தும். முன்னரே அழுத்தம் தாழ்ந்து மயங்குவார்க்கு இதனை அளிப்பின் உயிர்க்கே இடராம். முந்திய நாளிற் சில்டெனாபில் உண்டார்க்கும் அவ்வாறே. அதனைப் பலர்முன் உரைக்க நாணுவராதலின், செவியருகே மெல்ல வினவுதல் வேண்டும்.

பின் செய்யத்தக்கது யாது? நோயாளியை நடக்கவிடாது அமர்த்தி, 108-ஐ அழைத்தலே முதற்பணி. அவர்க்கென்றே வைத்தியர் எழுதித் தந்த மாத்திரை அவரிடமிருந்து, அவரும் தெளிந்த நினைவுடன் கேட்பாராயின், பெயரும் காலாவதி நாளும் நோக்கி, வைத்தியர் சொன்ன அளவின்படி, அமர்ந்தவாறே உட்கொள்ள உதவலாம். ஒருவர் மாத்திரை மற்றொருவர்க்கு ஆகாது. நினைவிழந்தார் வாயில் யாதொன்றும் இடலாகாது.

நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெய் வார்த்ததை யாவரும் நினைவிற் கொண்டுள்ளோம். அவன் அம்மனிதனைச் சத்திரம் வரை கொண்டு சேர்த்ததையோ எளிதில் மறக்கின்றோம்.

நம் நாட்டில் அச்சத்திரம் அண்மையிலேயே உளது. தமிழ்நாட்டரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8, ஆக 14 மாத்திரைகள் ஒருங்கே அளிக்கப்படுகின்றன. குருதிக்கட்டி பெருகாது தடுத்து, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடையுமட்டும் இவை காலத்தை ஈட்டித் தரும்.

'அப்பதினான்கையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டாலென்ன?' எனச் சிலர் வினவுவர். நெஞ்சுவலியனைத்தும் குழாயடைப்பால் வருவன அல்ல. இரைப்பைப் புண்ணிற் குருதி கசிவார்க்கு ஆஸ்பிரின் கேடே செய்யும். நிலையத்தார் வினவி ஆராய்ந்து கொடுப்பது இதுபற்றியே.

இதயநோயுள்ள முதியோர் ஒவ்வொருவரும், தாம் உண்ணும் மருந்தின் பெயரும் அளவும், தமக்கு ஒவ்வாத மருந்தும் குறித்த சீட்டொன்றைச் சட்டைப்பையிலோ முந்தானை முடிச்சிலோ வைத்திருத்தல் நலம். எழுதவறியாதார்க்கு அதனை எழுதிக் கொடுக்க, நம் கல்லூரி மாணவர் நால்வர் சந்தைநாளில் நல்லம்பள்ளிக்குச் சென்றாலென்ன?