பிரிவின் விலையைச் சுமப்பது யார்?

2016 ஜூன் 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் பிரிட்டனில் வாக்களித்தவர்களில் 51.9 சதவீதத்தினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். இந்தத் தீர்ப்பு நாடு முழுக்க ஒரே சீராக இல்லை. லிங்கன்ஷயரின் பாஸ்டனில் நான்கில் மூன்று பேர் வெளியேறவே வாக்களித்தார்கள். மீன் தொழிலுக்குப் பெயர்போன கிரிம்ஸ்பி அடங்கிய வடகிழக்கு லிங்கன்ஷயரில் ஏறக்குறைய 70 சதவீதத்தினரும், நிஸான் கார் ஆலை இருக்கும் சண்டர்லாந்தில் 61 சதவீதத்தினரும் அதையே விரும்பினார்கள். லண்டனிலோ சுமார் 60 சதவீதத்தினர் ஒன்றியத்திலேயே நீடிக்க விரும்பினார்கள். தங்களைக் கைவிட்ட தலைநகரத்தின் மீது பின்தங்கிய ஊர்களுக்கு இருந்த கோபம் இந்த வாக்கெடுப்பில் வெளிப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், வெளியேறியதற்கான விலையில் பெரும்பங்கு அதே ஊர்களின் தலையிலும் அதே எளிய மக்களின் தலையிலும்தான் விழுந்திருக்கிறது.

கோபத்தின் வேரை முதலில் பார்க்க வேண்டும். நிலக்கரிச் சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் 1980களில் அடுத்தடுத்து மூடப்பட்டபோது, மாற்று வேலைக்கு வழிசெய்யாமல் விட்டது லண்டனில் இருந்த அரசு. 2010க்குப் பிறகு சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் நலத்திட்டங்களையும் உள்ளாட்சிகளுக்கான நிதியையும் வெட்டியதும் லண்டன் அரசுதான். அந்த வெட்டுகள் இல்லாதிருந்தால் வாக்கெடுப்பின் முடிவே மாறியிருக்கக்கூடும் என்று பொருளாதார அறிஞர் தீமோ ஃபெட்சர் 2019இல் வெளியான ஆய்வில் வாதிட்டார். காயம் உள்நாட்டில் உண்டானது; பழி மட்டும் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் மீது போடப்பட்டது. வெளியேற அதிகமாக வாக்களித்த பகுதிகளே ஐரோப்பியச் சந்தையைக் கூடுதலாகச் சார்ந்திருக்கின்றன என்று பொருளாதாரப் புவியியலாளர் பிலிப் மெக்கேனும் சக ஆய்வாளர்களும் 2017லேயே எச்சரித்திருந்தார்கள்.

வெளியேறிய பிறகு ஒன்றியத்தோடு செய்துகொண்ட புதிய வர்த்தக ஒப்பந்தத்தில் சுங்கத் தீர்வை இல்லை, பிறகென்ன இழப்பு என்று கேட்கலாம். இழப்பு காகிதங்களில் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து பிரான்ஸுக்குப் போகும் ஒரு லாரி மீனையே எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரி முதல் அதற்குச் சுகாதாரச் சான்றிதழ், மீன் பிடிக்கப்பட்ட விவரத்துக்கான சான்றிதழ், சுங்கப் படிவம் எல்லாம் வேண்டும். சிறு வியாபாரிகள் பலர் சேர்ந்து ஒரே லாரியில் சரக்கு ஏற்றினால், ஒருவருடைய படிவத்தில் பிழை இருந்தாலும் மொத்த லாரியும் நிற்கும், மீன் காத்திருக்காது. பெரிய நிறுவனம் இதற்கென்று தனிப் பிரிவே வைத்துக்கொள்ளும். சரக்கு பத்துப் பெட்டியானாலும் ஆயிரம் பெட்டியானாலும் காகிதச் செலவு அதிகம் மாறாது என்பதால், பத்துப் பெட்டிக்காரர்தான் முதலில் தொழிலை விடுகிறார். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்துவந்த சுமார் 16,400 நிறுவனங்கள் அதை நிறுத்திவிட்டதாகவும், இழப்பு பெரும்பாலும் சிறு நிறுவனங்களுக்கே என்றும் லண்டன் பொருளியல் பள்ளியின் பொருளாதாரச் செயல்திறன் மையம் 2024இல் கணக்கிட்டது. நிஸான் சண்டர்லாந்தைவிட்டுப் போகவில்லை, புதிய முதலீடும் செய்கிறது என்பது உண்மை. அரசோடு நேரடியாகப் பேசித் தனக்கு வேண்டியதைப் பெறும் வலிமை அதற்கு உண்டு. சிறு தொழில்முனைவோருக்கு அந்த வலிமை ஏது?

இதே காகிதச் செலவு எதிர்த்திசையில் வரும் உணவுப் பொருளின் விலையிலும் ஏறுகிறது. 2021 முடிவு வரையிலான இரண்டு ஆண்டுகளில் பிரெக்ஸிட் எனப்படும் இந்த வெளியேற்றத்தால் ஒரு குடும்பத்தின் உணவுச் செலவு சராசரியாக 210 பவுண்டு கூடியது என்பது அதே மையத்தின் மதிப்பீடு. மற்றவர்களைவிட வருமானத்தில் கூடுதல் பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவிடுபவர்கள் ஏழைகள். அதனால் அடித்தட்டில் இருக்கும் பத்து சதவீதக் குடும்பங்களின் வாழ்க்கைச் செலவு 1.1 சதவீதமும், உச்சியில் இருப்பவர்களுக்கு 0.7 சதவீதமும் உயர்ந்தது. கொரோனா எல்லா நாடுகளிலும் விலையை ஏற்றியதே என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால், இந்த ஆய்வு புதிய வர்த்தகத் தடைகளால் அதிகம் பாதிக்கப்பட்ட ஐரோப்பியப் பொருட்களையும் மற்ற பொருட்களையும் ஒப்பிட்டே கணக்கிட்டது. கொரோனா இரண்டு வகைக்கும் பொதுவானது. விலை கூடுதலாக ஏறியது முதல் வகைக்கு.

இவற்றைவிட ஆழமான இழப்பு உரிமை இழப்பு. ஒன்றியத்தில் இருந்தபோது, பின்தங்கிய பகுதிகளான கார்ன்வாலும் மேற்கு வேல்ஸும் நிதி கேட்டு யாரிடமும் கையேந்தவில்லை. தலா உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஏழாண்டுத் திட்டத்தில் கூடுதல் நிதி வந்தாக வேண்டும் என்பது விதி. அதற்கு மாற்றாக வந்த பகிரப்பட்ட வளநிதிக்கு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து 260 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். முதலாண்டில் கிடைத்தது 40 கோடி மட்டுமே. முன்பு ஐரோப்பிய நிதியாக ஆண்டுக்குச் சராசரியாக வந்தது சுமார் 150 கோடி. அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சனின் அரசு பெருமையாக அறிவித்த சமன்செய்யும் நிதிக்கு ஊர்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதை அமைச்சர்கள் முடிவு செய்தார்கள். விதிப்படி வந்துகொண்டிருந்த பணம் அமைச்சர்களின் தயவுக்கு மாறிவிட்டது.

தானே ஒப்பந்தம் போடும் சுதந்திரம் கிடைத்ததே என்பது பிரெக்ஸிட் ஆதரவாளர்களின் வலுவான வாதம். கிடைத்தது உண்மை. 2025 ஜூலையில் இந்தியாவோடு கையெழுத்தான ஒப்பந்தம் ஆயத்த ஆடைகள் மீதான தீர்வையை நீக்குவது திருப்பூருக்கு நல்ல செய்தி. ஆனால், அதனால் பிரிட்டனின் மொத்த உற்பத்திக்கு நீண்ட காலத்தில் கிடைக்கும் லாபம் சுமார் 0.13 சதவீதம் என்பது பிரிட்டன் அரசே போட்ட கணக்கு. வெளியேறியதால் நீண்ட காலத்தில் உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்பது அந்நாட்டின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு நேராகவில்லை. இறையாண்மையைப் பணத்தால் அளக்க முடியாது என்பதையும் ஏற்கிறேன். அப்படியானால், மீட்ட அதிகாரத்தைப் பின்தங்கிய ஊர்களுக்காகப் பயன்படுத்த வேண்டிய பொறுப்பு லண்டனுக்கு முன்னைவிடக் கூடுகிறது. பழி சுமத்த இப்போது பிரஸ்ஸல்ஸ் இல்லை.

மீண்டும் சேர்வதா என்ற விவாதம் முடிய ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை செய்யக்கூடியவை இருக்கின்றன. உணவு, விவசாயப் பொருட்களின் எல்லைச் சோதனையைக் குறைக்க 2025 மே மாதம் ஒன்றியத்தோடு எட்டிய உடன்பாட்டை இழுத்தடிக்காமல் நடைமுறைப்படுத்த வேண்டும். சிறு ஏற்றுமதியாளரும் ஏழைக் குடும்பமும் முதலில் மூச்சுவிடுவார்கள். வட்டார நிதி எந்த ஊருக்கு எவ்வளவு என்பதை அமைச்சரின் மேசையிலிருந்து எடுத்துச் சட்டத்தில் எழுத வேண்டும். வெளியேறு என்று வாக்களித்த ஊர்கள் கேட்டது தங்களுக்கான நியாயமான பங்கு. அவர்கள் வாக்கை மதிப்பதாகச் சொல்லும் எந்த அரசும் அந்தப் பங்கைக் கொடுத்துத்தான் அதை நிரூபிக்க முடியும்.