அரணை புத்தி யாருக்கு?

கடிக்க வந்த அரணை கடிக்க மறந்துவிடுமாம்! மறதிக்காரனைக் கண்டால் ‘அரணை புத்தி’ என்று ஏசுகிறோம். தோழர்களே, மறந்தது அரணையல்ல, ஆட்சிப்பீடம் என்பதற்குச் சான்று இந்துமாக்கடலில் கிடக்கிறது.

ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில் கிறிஸ்துமஸ் தீவு. பரப்பு 135 சதுர கிலோமீட்டர். சீனத்துக் கூலிகளின் முதுகொடிய வெள்ளைக் கம்பெனி பாஸ்பேட் வெட்டிய மண். 1958 முதல் ஆஸ்திரேலியாவின் ஆட்சி.

அத்தீவின் காட்டிலே, சருகு மெத்தையிலே, வெயில் விழுந்த இடமெல்லாம் திரிந்தது கானக அரணை. உலகில் வேறெங்கும் இல்லாத இனம்! 1979இல் கண்டவர்கள் ஏராளம் என்றார்கள்.

சரக்கோடு சரக்காக வந்திறங்கியது ஓநாய்ப் பாம்பு. நம்மூர் வெள்ளிக்கோல் வரையனுக்குப் பங்காளி. தீவில் அதைக் கண்டது 1987இல். தன்னை வேட்டையாடும் பாம்பை அறியாத அரணை எப்படித் தப்பும்? வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. ஆயினும் ஆராய்ந்தோர் முதலில் சுட்டுவது இந்தப் பாம்பைத்தான். கப்பல் செய்த கேடு தீவுக்குப் புதிதுமல்ல. 1899இல் வந்த கறுப்பெலி கொணர்ந்த நோயால், பத்தாண்டுக்குள் அத்தீவின் சொந்த எலியினம் பூண்டற்றுப் போயிற்று. அந்தப் பாடம் எந்தக் கோப்பில் உறங்கியது?

பல்லியும் அரணையும் அருகிவருவது 1998 ஆய்விலேயே தெரிந்தது. பிடித்து வளர்க்கப் புறப்பட்டதோ 2009இல்! கிடைத்தவை மூன்றே மூன்று. மூன்றும் பெண். ஆண் ஒன்றுகூட அகப்படவில்லை. 2010க்குப் பின் காட்டில் ஒன்றையும் எவரும் காணவில்லை.

ஆபத்திலுள்ள உயிர் என்று சட்டப் பட்டியலில் அதற்கு இடம் தந்தது எப்போது தெரியுமா? 2014 ஜனவரியில். கடைசி அரணை கூண்டிலே செத்தது அதே ஆண்டு மே 31இல். ஐந்தே மாதம்! பிணத்துக்கு மருந்துச் சீட்டு எழுதிய வைத்தியன் கெட்டான், போங்கள்!

பணமில்லாத நாடா? படிப்பில்லாத நாடா? இரண்டும் குறைவில்லை. தீவோ தலைநகருக்கு வெகு தூரம்; அரணைக்கோ வாக்கில்லை. துறைமுகத்திலேயே சரக்கைச் சோதித்திருக்க வேண்டும்; குறையத் தொடங்கியபோதே கூண்டு கட்டியிருக்க வேண்டும் என்கிறோம்.

முடியாததைக் கேட்கவில்லை நாம். அதே தீவின் நீலவால் அரணைகள் 66ஐப் பிடித்துக் காத்தார்கள். அவை ஆயிரத்துக்கு மேல் பெருகின. 2019இல் கோகோஸ் தீவுக் கூட்டத்தில், பாம்பில்லாத குட்டித் தீவொன்றில் சிலவற்றை விட்டார்கள். சொந்தக் காட்டுக்கு அவற்றை அனுப்ப வழியில்லை. அங்கே பாம்பு குடியிருக்கிறது.