மிதக்கும் கல்லில் முளை அடிப்பது

ஆரணியிலிருந்து நேயர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பரம்பரையாகப் பட்டு நெய்யும் குடும்பம். கீழே பழைய வீட்டுக் கூடத்தில் குழித்தறி. மேலே, பிள்ளைக்குக் கலியாணமான பிறகு கட்டிய அறை ஒன்று. பழைய சுவர்கள் அதிகப் பாரம் தாங்கா என்று கொத்தனார் சொன்னதன் பேரில் மேல் அறையை லேசான கான்கிரீட் கல்லால் எழுப்பினார்களாம். அந்தச் சுவரில் 43 அங்குல டெலிவிஷன் பெட்டியைத் தடித்த இரும்பு போல்ட்டுகளால் மாட்டினார்கள். பத்தாம் நாள் மாலை மேல் வரிசை போல்ட்டுகள் பிடுங்கிக்கொண்டு, பெட்டி முன்னால் சாய்ந்துவிட்டது. "பேத்தி தினமும் அதன் கீழேதான் பாய் விரித்துப் படுப்பாள். அன்று பாவு பிணைக்கும் வேடிக்கையைப் பார்க்கக் கீழே வந்திருந்தாள். குறை போல்ட்டிலா, கல்லிலா?" என்று கேட்கிறார்.

போல்ட்டும் நல்லது, கல்லும் நல்லது, ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பட்டு இழைக்கென்று கட்டிய நெருக்கமான அச்சில் முரட்டுப் பருத்தி நூலைக் கோத்தால் என்ன ஆகுமென்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைத்தெருவில் ஏ.ஏ.சி. பிளாக் என்று வழங்கும் இந்தக் கல், ஸ்வீடன் தேசத்தில் யோஹான் அக்ஸெல் எரிக்ஸன் என்பவர் 1920-களில் கண்ட முறையில் செய்யப்படுவது. சுண்ணாம்பு, ஸிமெண்டு, மணல் அல்லது அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஆகியவற்றை நீர்விட்டுக் குழைத்து, சிறிது அலுமினியப் பொடியைச் சேர்க்கிறார்கள். உடனே வாயு கிளம்பி, புளித்த இட்லி மாவைப்போல் குழம்பு பொங்கி எழுகிறது. சற்று இறுகியதும் கம்பியால் துண்டு போட்டு, அழுத்தம் மிகுந்த நீராவியில் வேக வைக்கிறார்கள். உள்ளே முழுவதும் நுண்ணிய அறைகள். சாதாரணக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2400 கிலோ நிறுக்கும். வீடு கட்ட வாங்கும் இந்தக் கல் பெரும்பாலும் 550 முதல் 650 கிலோதான். தண்ணீரில் போட்டால் மிதக்கும்! வயல் மண்ணை வெட்டிச் சூளையில் தீர்ப்பதைவிட, மலையாகக் குவியும் சாம்பலைச் சுவராக்குவது தேசத்துக்கு லாபம் என்பது என் கட்சி. ஆகையால் கல்லை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதன் சுபாவம் வேறு. தூணுக்கு வார்க்கும் கான்கிரீட் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ அழுத்தம் தாங்கும். இக்கல் 30, 40 கிலோவுக்கு மேல் தாங்காது.

இரும்பு ஆங்கர் போல்ட்டு என்ன செய்கிறது? திருகத் திருக அதன் வால் விரிந்து துளையின் பக்கங்களை நெருக்குகிறது. அந்த நெருக்கந்தான் பிடிப்பு. கருங்கல்லும் கான்கிரீட்டும் எதிர்த்து நிற்கும். நுண்ணறைக் கல் எதிர்க்காது, நொறுங்கி மாவாகும். போதவில்லையென்று ஸ்பானரை இன்னும் முறுக்கினால் இன்னும் மாவாகும். போதாக்குறைக்கு, துளையிடும் யந்திரத்தைச் சுத்தியல் போல் இடிக்கும்படி வைத்துத் துளைத்திருப்பார்கள். இக்கல்லை இடிக்காமல் சுழற்றி மட்டுமே துளைக்க வேண்டும்.

சுவரைக் கெடுக்காமல் திருகாணி பதிக்கும் கவலை புதிதல்ல. லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தின் சுவர்களில் மின்சாரச் சாமான்களைப் பொருத்துவதற்காகவே ஜான் ஜோஸப் ராலிங்ஸ் என்பவர், 1910-ஐ ஒட்டி, சணல் நாரை மிருக இரத்தத்தால் ஒட்டவைத்து ஒரு முளை செய்தார். நம் தச்சர்கள் இன்றும் 'ராவல் பிளக்' என்பது அவர் பெயரின் மிச்சமே. (அந்நாளில் உலகத்துச் சணலில் பெரும்பகுதி நமது வங்காளத்தில் விளைந்தது. பெயர் மட்டும் அவர்களுடையது!) ஜெர்மனியில் ஆர்தூர் ஃபிஷர் 1958-இல் நைலான் முளையைக் கொண்டுவந்தார்.

ஆரணி நேயர் கேட்டு வாங்க வேண்டியது, ஏ.ஏ.சி. கல்லுக்கென்றே வார்த்த நைலான் முளை. உடம்பைச் சுற்றிப் புரிபுரியாக அகன்ற இறகுகள் இருக்கும். அவை கல்லைப் பிளக்காமல் அதனுள் பாதை செய்துகொண்டு பரந்து பிடிக்கும். எந்தச் சுவருக்கு, எவ்வளவு பாரம், எத்தனை மில்லிமீட்டர் துளை என்று உறையில் அச்சிட்டிருக்கும். சுவரின் பெயர் இல்லாத உறையை வாங்க வேண்டாம். முளையின் நீளத்தைக் கணக்கிடும்போது மேற்பூச்சைக் கழித்துவிட வேண்டும். பூச்சு பாரம் தாங்காது. துளையில் உள்ள தூளை ஊதி எடுத்துவிடுவதும் அவசியம். பெரிய பெட்டியானால் துளைக்குள் பிசின் செலுத்தித் திருகுக்கம்பியைப் பதிக்கும் முறை உத்தமம். சுவர் நாலங்குலமேயாகி மறுபக்கமும் நம்முடையதானால், ஊடுருவும் போல்ட்டைச் செலுத்தி, பின்னால் அகன்ற இரும்புத் தகடு வைத்து முடுக்கிவிடலாம். எனக்கு அதுவே மிகவும் பிடித்தது. அழகு போதாதென்று வீட்டிலுள்ளவர்கள் சொல்வார்கள்.

மற்றொரு விஷயம். நேயர் வீட்டில் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்புவதற்கு நீளும் கை ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். பெட்டி 10 கிலோ, கை நீண்டால் சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர், மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல் வரிசையை வெளியே இழுக்கும் பலம் 20 கிலோ! பெட்டி சுவரோடு ஒட்டி 5 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் இரண்டரைக் கிலோதான். குழந்தை ஒன்று எம்பிப் பிடித்துத் தொங்கினால் கணக்கு எங்கே போகுமென்று நேயரே போட்டுக்கொள்ளலாம். லேசான சுவரில் நீளும் கை வேண்டவே வேண்டாம்.

2006-இல் தொடங்கி நமது மாகாண அரசாங்கம் இலவசமாக வழங்கிய வண்ணப் பெட்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை தடித்தவை, அலமாரியில் அமர்ந்துகொண்டன. புதிய பெட்டி மெலிந்து சுவரேறிவிட்டது. அகலமான மேஜையில் வைத்து, பின்புறத்தைச் சுவரோடு கட்டிவிடுவதிலும் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

சுவரில்தான் வேண்டுமென்றால், அறையின் மூலையில் கான்கிரீட் தூண் இருக்கிறதா என்று கொத்தனாரைக் கேட்கலாம். அங்கே அந்தப் பழைய இரும்பு போல்ட்டுகளே போதும். தூண் இல்லையானால், சிதைந்த துளைகளை மறுபடி உபயோகிக்காமல் கலவையிட்டு அடைத்துவிட்டு, ஒரு சாணுக்கு மேல் தள்ளி, கல்லின் விளிம்பும் இணைப்பும் வராத இடமாகப் பார்த்துப் புதிதாகத் துளைக்க வேண்டும். பேத்தியின் பாயையும் அறையின் எதிர்ப்பக்கம் மாற்றிவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன்.